சாமியிடம் சொன்ன பழைய முகவரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று இகுமியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கனசாவாவில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் மருந்துக் கடையின் பின்னறையில், அவளுடைய உருளைக்கிழங்கு கட்லெட்டில் பாதியைத் தின்றுகொண்டே. வாய் நிறைய வைத்துக்கொண்டு கொடுத்த வாக்கு செல்லாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இங்கே கோயிலில் போய் நின்றால் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மனசுக்குள் முதலில் பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லவேண்டும். வேண்டுதல் அதற்கு அப்புறம்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்து கேட்கிற இடத்தில், யார், எந்த வீடு என்று சொல்லாவிட்டால் சாமி எங்கே கொண்டுபோய்க் கொடுக்கும்? இகுமி ஐந்து மாதமாகத் தினமும் காலையில் ஆற்றங்கரைக் கோயிலில் நின்று, தேர்வில் தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தேர்வும் எழுதி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது: இத்தனை நாளும் சாமியிடம் சொல்லிவந்தது விவாகரத்தான கணவனின் வீட்டு முகவரியை.

(நேரில் நான் அவளை "இகுமி சான்" என்றும் "நீங்க" என்றும்தான் கூப்பிடுவேன். என்னைவிட நான்கு வயது பெரியவள், நாற்பத்தொன்பது. "அவள்" என்பதெல்லாம் எழுத்தில் மட்டும் வருகிற துணிச்சல்.)

2

எப்படி ஆரம்பிப்பது என்று பல தாள்களைக் கிழித்தேன். ஒன்று இப்படி:

"நானூறு ஆண்டுப் பழமை வாய்ந்த அந்தக் கோயிலின் சிவந்த வாயிலில் இலையுதிர்காலத்தின் முதல்"

இதோடு நிறுத்திவிட்டேன். இந்தக் கோயிலின் வாயில் சிவப்பே இல்லை. வெறும் சாம்பல் நிறக் கல், ஒரு காலில் பாசி. இருபது வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் பேனாவை எடுத்ததும் கை தானாகக் காலண்டர் படத்துக்கு ஓடுகிறது. கையை நம்பக்கூடாது.

அடுத்தது நேரடியாக வேண்டுதலிலேயே தொடங்கியது:

"என் பெயர் தானிமோத்தோ இகுமி. ஊர் கனசாவா. பேட்டை"

இங்கேயும் நின்றேன். அந்த வீட்டில் இன்னமும் ஒரு மனிதர் குடியிருக்கிறார். எங்கள் கோயிலில் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறவர்களுக்கு, பெயர் முகவரியை மறைப்பதற்கென்று பூப்போட்ட ஒட்டுத்தாள் ஒன்றும் கூடவே கொடுக்கிறார்கள். சாமிக்குத் தெரிந்தால் போதும், அடுத்த தெருவுக்குத் தெரியவேண்டாம் என்ற ஏற்பாடு. ஆகவே:

[இந்த இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். உரிக்கவேண்டாம்.]

கடைசியில் தொலைபேசி மணியிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி என்று தோன்றியது. உண்மையிலும் அங்கேதான் ஆரம்பித்தது.

3

மணி அடித்தபோது இகுமியின் கையில் கட்லெட் எண்ணெய். சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள். அழைத்தது கெய்ஜி, அந்த முன்னாள் கணவர்.

"இகுமி! பாஸ் பண்ணிட்டேன்!"

"எதுல?"

"படகு லைசென்ஸ்ல! நம்பவே முடியலை. முடிச்செல்லாம் கரெக்டா விழுந்துச்சு, தெரியுமா?"

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறுகிற தேர்வு அது. அதில் கெய்ஜி ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார். படகை ஓட்டத் தெரியும். கயிற்றில் முடிச்சுப் போடச் சொன்னால் மட்டும் கை உதறும்.

"எப்ப எழுதுனீங்க?"

"போன வாரம். என்னமோ தெரியலை, கை தானா போச்சு. யாரோ பிடிச்சுக் கட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. சரி, உன் ரிசல்ட் எப்ப?"

"பத்து நாள் இருக்கு."

"நீயெல்லாம் பாஸ் பண்ணிடுவே. நான் போய் மீன் பிடிக்கிறேன்."

வைத்துவிட்டார். இகுமி கட்லெட்டை மெல்ல டப்பாவில் வைத்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"செல்வி, கோயில்ல நான் எந்த வீட்டைச் சொல்றேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? மனசுக்குள்ளதானே சொல்றீங்க?"

"இரு."

உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடினாள். இரண்டு முறை குனிந்தாள். இரண்டு முறை கைதட்டினாள். என்ன சத்தம் என்று மேனேஜர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். இகுமியின் உதடு அசைந்தது. கண்ணைத் திறந்தபோது பாதி அழுகை.

"ஐயோ. அந்த ஆளு வீடு."

நான் சிரித்துவிட்டேன். தப்புத்தான். ஆனால் நீங்களும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

"சிரிக்காத! மழையிலயும் பனியிலயும் போய்க் கையத் தட்டுனது நானு. பார்சல் அங்க போய் இறங்கியிருக்கு. அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சுக்கிட்டாரு!"

"பனி எங்க பெஞ்சுது? மே மாசத்துலேருந்துதானே போறீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ ஒண்ணும் இதக் கதையா எழுதிடாத."

"எழுதமாட்டேன்."

4

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி. கதையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் போகமுடியாது.

மருந்துக் கடையில் நாங்கள் ஷாம்பூ விற்கலாம், பிஸ்கட் விற்கலாம். தலைவலி மாத்திரை விற்க மாவட்ட அரசு நடத்தும் தேர்வில் தேறியிருக்கவேண்டும். இரண்டு பேரில் ஒருவர் தேறுவார். இகுமி போன வருடம் எழுதி, தேறாத அந்த ஒருவர் ஆனாள். நவம்பரிலிருந்து தேறியவர்களுக்கு முழுநேர வேலை, மற்றவர்களுக்குக் காலையில் நான்கு மணி நேரம் மட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான்கு மணி நேர வேலையை வைத்துக்கொண்டு அவளால் இப்போதிருக்கும் அறையை வைத்துக்கொள்ள முடியாது. தோயாமாவில் தங்கை வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தங்கை ஏற்கெனவே ஓர் அறையை ஒழித்துத் திரைச்சீலையும் மாட்டிவிட்டாளாம். ரொம்ப நல்லவள். எந்த மணிக்கு அக்கா குளிக்கவேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருக்கும் அளவுக்கு நல்லவள்.

இகுமியின் அறையை நான் பார்த்திருக்கிறேன். தபால் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி. ஒரு ஜன்னல், கிழக்கே பார்த்தது. ஒருவருக்கு மட்டும் சோறு வடிக்கிற குக்கர். சுவரெல்லாம் மூலிகைப் பெயர் எழுதிய சீட்டுகள்; கழிப்பறைக் கதவில் அதிமதுரத்தின் பக்க விளைவுகள். அந்த அறையில் அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வரும். நாற்பத்தொன்பது வயதில் ஒரு பெண் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

5

கெய்ஜியால்தான் கதை இடறுகிறது.

கதைக்கு ஒரு கெட்டவன் இருந்தால் சௌகரியம். முதல் பிரதியில் அவரைக் குடிக்க வைத்தேன். இரண்டாம் பிரதியில் ஒரு கிண்ணத்தை உடைக்க வைத்தேன். அதற்குள் இகுமி கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ எழுதறே."

"இல்லையே."

"எழுதறே. நீ தலையாட்டுன விதத்துலயே தெரிஞ்சுது. படி பாப்போம்."

தமிழில் எழுதியதைப் பின்னறையில் உட்கார்ந்து வரிவரியாக அவள் மொழியில் மாற்றிச் சொன்னேன். கட்லெட்டை மென்றுகொண்டே கேட்டாள்.

"அவரக் குடிக்க வைக்காத. ரெண்டு கிளாஸ் போட்டா தூங்கிடுவாரு."

"அப்ப ஏன் விட்டுட்டு வந்தீங்கன்னு படிக்கிறவங்க கேப்பாங்களே?"

"ஊறுகா எங்கன்னு இருபத்துமூணு வருஷம் கேட்டாரு. அது ஒரே எடத்துலதான் இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அந்த வீட்டுல ரெண்டு பேர் இருந்தோம். ரெண்டு பேருமே அவருக்குத்தான் வேலை பாத்தோம்."

குடியையும் கிண்ணத்தையும் அடித்துவிட்டு இந்த வரியைச் சேர்த்துக்கொண்டேன். கெய்ஜி இப்போது கதையில் நல்லவராகவே இருக்கிறார். மாதத்துக்கொரு முறை, தான் பிடித்த மீனைப் பனிக்கட்டிப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். செதில் எடுக்காமல்தான் கொடுப்பார்.

(ஒரு சந்தேகம். அந்த மனிதர் தானாகவே முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா? தனியாக இருக்கிறார், சாயங்காலமெல்லாம் வெறும் நேரம். இதைச் சொன்னபோது இகுமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "முடிச்சா? அவரா? ஷூ கயிறே நான்தான் கட்டிவிடுவேன்" என்றாள். ஆனால் சந்தேகம் இருக்கிறது.)

6

ரிசல்டுக்கு நான்கு நாள் முன்பு இருவரும் வேலைக்குப் போகும் வழியில் கோயிலுக்குப் போனோம். குருக்கள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, வாயிலருகே கொட்டிக்கிடந்த கிங்கோ மரத்துப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர். நசுங்கிய பழத்தின் நாற்றம் படிக்கட்டு முழுக்க இருந்தது.

"குருக்களே, சாமிகிட்ட அட்ரஸ் மாத்தறதுக்குப் படிவம் ஏதாவது இருக்குங்களா?"

"படிவமா? அது நகராட்சி ஆபீஸ்ல..."

"அங்க மாத்தியாச்சு. பேங்க்ல, கரண்ட் ஆபீஸ்ல, லைப்ரரில, பல் டாக்டர்கிட்ட, எல்லா எடத்துலயும் மாத்திட்டேன். இங்க மட்டும் விட்டுப்போச்சு."

குருக்கள் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"நேரா போய்ச் சொல்லிடுங்க. ஏப்ரல்ல வீடு மாறுறவங்க நிறையப் பேரு வருவாங்க இதுக்கு. போன வருஷம் ஒருத்தர் பத்து வருஷமா ஆபீஸ் அட்ரஸைச் சொல்லிட்டாராம். அவரு முதலாளிக்குத்தான் எல்லாம் நல்லபடியா நடந்துச்சாம்."

"பழசெல்லாம் என்ன ஆகும்? தபால்காரங்க ஒரு வருஷத்துக்குப் பழைய வீட்டுத் தபாலப் புது வீட்டுக்குத் திருப்பி விடறாங்களே, அதுமாதிரி..."

"தெரியலையேம்மா. நானும் சாமிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். எதுக்காக வேண்டிக்கிட்டீங்க?"

"பரீட்சைக்கு. எழுதிட்டேன். ரிசல்டுக்கு நாலு நாள் இருக்கு."

"அப்ப வழியில இருக்கும்."

[உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைசி வரியைக் குருக்கள் சொல்லவில்லை. "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். "வழியில இருக்கும்" என்று வாயிலைத் தாண்டும்போது சொன்னது நான். என் வாயில் வைத்தால் எடுபடவில்லை, அங்கியும் தொப்பியும் போட்டவர் வாயில் நன்றாக இருந்தது. அவர் அன்று அங்கிகூடப் போட்டிருக்கவில்லை, மழைச் சட்டைதான்.]

தொட்டியில் கை கழுவினோம். எங்களுக்குப் பின்னால் சூட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றார். இகுமி காசைப் போட்டாள், மணிக்கயிற்றை ஆட்டினாள், இரண்டு முறை குனிந்தாள், இரண்டு முறை தட்டினாள். பிறகு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தால், கைப்பைக்குள் எதையோ தேடுகிறாள்.

"என்ன?" என்றேன் மெதுவாக.

"நம்பர் வரமாட்டேங்குது. பழசுதான் வருது."

நூற்றைம்பது மூலிகையின் பெயர்களை மனப்பாடம் செய்தவள். கடைசியில் மின்சாரக் கட்டணச் சீட்டை வெளியே எடுத்தாள். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் சொல்லவேண்டியதைச் சத்தமாகவே வாசிக்கத் தொடங்கினாள். கணவன் வீட்டுத் தானிமோத்தோ இல்லாமல், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு, ஹோரி இகுமி என்று. பேட்டை, தெரு, கட்டிடத்தின் பெயர், மூன்றாம் மாடி, முந்நூற்றிரண்டு. பின்னால் நின்றவர் மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார். வாசித்து முடித்துச் சீட்டை மடித்தாள். ஆழமாக ஒருமுறை குனிந்துவிட்டு வந்துவிட்டாள்.

"வேண்டிக்கிட்டீங்களா?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா? திரும்பப் போங்க, இப்பவே போங்க."

"மறக்கலை. கேக்கத் தோணலை. நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னேன். அஞ்சு மாசமா இருக்கேன், காலைல வெயில் வருது, நல்லா இருக்கேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் பாக்கி இருக்கற மாதிரி தெரியலை."

நான் என்னுடைய முறைக்கு நின்றபோது அவளுக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். இன்னொருவருக்காகக் கேட்டால் எந்த முகவரியைச் சொல்வது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

7

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன், இரண்டையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

முடிவு அ: பத்து மணிக்குத் தேர்வெண் பட்டியல் வெளியாகிறது. அவள் எண் அதில் இருக்கிறது. புதுப் பெயர் பொறித்த பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு முதல் வாடிக்கையாளருக்குத் தலைவலி மாத்திரை விற்கிறாள்.

"அப்ப சாமிதான் பாஸ் பண்ணிவிட்டுச்சா?" என்றாள் இகுமி.

"அப்படி எழுதலையே."

"எழுதலைன்னாலும் அப்படித்தான் படிப்பாங்க. அட்ரஸ் மாத்துனா, உடனே வந்துடுச்சும்பாங்க. கக்கூஸ் கதவுல எழுதி ஒட்டிப் படிச்சது யாரு? சாமியா?"

முடிவு ஆ: எண் இல்லை. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தோயாமாவுக்கு ரயில் ஏறுகிறாள். ஜன்னலுக்கு வெளியே மலைகளில் முதல் பனி, அவள் கண்களில்

"நிறுத்து. இது இன்னும் மோசம்."

"ஏன்?"

"இப்ப தப்பான அட்ரஸ் கொடுத்ததுனாலதான் ஃபெயில்னு ஆவுது. இல்லாட்டி, புருஷன விட்டுட்டு வந்ததுக்குத் தண்டனைன்னு ஆவுது. உங்க ஊர்லயும் அப்படி நினைக்கறவங்க இருப்பாங்கதானே?"

இருப்பார்கள் என்று ஒப்புக்கொண்டேன்.

"பாஸ்னா பேரு சாமிக்குப் போகுது, ஃபெயில்னா பழி அட்ரஸுக்குப் போகுது. நடுவுல நான் எங்க இருக்கேன்?"

மூன்றாவதாக, கெய்ஜி படகில் வந்து ஏதோ செய்வதுபோல ஒரு முடிவை ஆரம்பித்து வைத்திருந்தேன். அதைக் காட்டாமல் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

8

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மழை. இகுமி கைப்பேசியை எடுத்துக்கொண்டு, காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனாள். நானும் எழுந்தேன்.

"நீ வராத. இருமல் மிட்டாய அடுக்கு."

அடுக்கினேன். எலுமிச்சையைத் தேன் வரிசையிலும் தேனை எலுமிச்சை வரிசையிலும் அடுக்கினேன். ஆறு நிமிடம் ஆயிற்று. உள்ளே வந்தவள் கை கழுவினாள், ஏப்ரனைச் சரியாகக் கட்டிக்கொண்டாள், என் காதருகே குனிந்து முடிவைச் சொன்னாள்.

ஆகவே எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். இந்த வாக்கைக் கொடுக்கும்போது என் வாயில் எதுவும் இல்லை.

உங்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டுவந்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாளே என்பீர்கள். அதனால் முடிவை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் தேறவிடுங்கள். அல்லது தோற்கவிட்டு, அடுத்த வருடம் மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். மேனேஜரின் மனசை மாற்றுங்கள், தங்கையைக் கோபித்துக்கொள்ளச் செய்யுங்கள், கெய்ஜிக்கு ஊறுகாய் கிடைக்கவிடுங்கள். இகுமியிடம் கேட்டுவிட்டேன், அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், அதை அவள் சொன்னபடியே தருகிறேன்:

"என்ன வேணா எழுதிக்கட்டும். என்னை அந்த ரூமவிட்டுக் காலி பண்ண வைக்கக் கூடாது. தபாலாபீஸுக்குப் பின்னாடி, மூணாவது மாடி, முந்நூத்திரெண்டு. எழுதிக்கோ."